எங்கள் ஊர்க் குளமும் விருது வாங்கிய லேண்ட்ஸ்கேப் நிறுவனமும்: எதை வைத்து முடிவு செய்வது?

கரைக்காரன் (அவிநாசி வட்டம்)

அனைவருக்கும் வணக்கம். அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தில் நீர் பெறும் 1,045 குளம் குட்டைகளில் எங்கள் ஊருடையதும் ஒன்று. வெகுகாலம் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்த இடம். 2024 ஆகஸ்டில் திட்டம் தொடங்கிய பிறகுதான் குளம் என்ற பெயருக்கு ஏற்ப அதில் தண்ணீர் நின்றது. தண்ணீர் நின்றதும் ஆட்களும் வந்துவிட்டார்கள்.

ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனம் தன் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து குளத்தை அழகுபடுத்தித் தருவதாகச் சொல்கிறது. வேலைக்கு ஒரு லேண்ட்ஸ்கேப் நிறுவனத்தையும் கையோடு அழைத்து வந்தது. அவர்கள் கொடுத்த திட்டப் புத்தகம் நல்ல கனம். முன்பாதி முழுக்க விருதுகள். அடுத்து ‘சமூகப் பங்களிப்பு’ என்று ஓர் அத்தியாயம்: பள்ளிக்கூடத்தில் மரக்கன்று நட்டது, மாரத்தானுக்குச் சட்டை வழங்கியது, ஊழியர்கள் கையுறை மாட்டிக்கொண்டு குப்பை பொறுக்குவது. எங்கள் குளம் கடைசிச் சில பக்கங்களில்தான் வருகிறது. கரையின் உட்புறம் கல் பதித்த நடைபாதை, சரிவெல்லாம் புல்தரை, நடுவில் நீரூற்று, படம் எடுத்துக்கொள்ள ஒரு மண்டபம்.

ஊரில் பாதிப் பேருக்கு மேல் பிடித்துவிட்டது. எனக்கும் பிடிக்காமல் இல்லை. ஆனால் வரைபடத்தில் அந்த மண்டபம் நிற்கிற இடம் எங்கள் கலங்கல். குளம் நிறைந்தால் மிகைநீர் வெளியேறுகிற ஒரே வழி. அதைச் சுட்டிக்காட்டியபோது, “அது பழைய கட்டுமானம் என்று நினைத்தோம்” என்றார் வந்தவர்.

இத்தகைய நிறுவனத்தின் சாதனைகளை எப்படி எடைபோடுவது? கூட்டத்தில் என்ன கேட்க வேண்டும்? தயவுசெய்து யாரும் நிறுவனத்தின் பெயரை ஊகித்து எழுத வேண்டாம்.

வரைபலகை (கோவை)

இதே தொழிலில் இருப்பவன் என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் சட்டம். 1972-ஆம் ஆண்டின் கட்டடக்கலைஞர்கள் சட்டப்படி, பதிவு இல்லாதவர் தன்னை ‘ஆர்க்கிடெக்ட்’ என்று அழைத்துக்கொள்ள முடியாது. அந்தத் தடையைச் சொல்லும் 37-ஆவது பிரிவே ‘லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட்’ என்பவருக்கு விலக்கு கொடுக்கிறது. அதாவது முறையாக முதுநிலை படித்தவரும் அப்படிப் பலகை மாட்டலாம், நேற்றுவரை பூந்தொட்டி விற்றவரும் மாட்டலாம். அதனால் வரைபடத்தில் கையெழுத்திடுபவர் என்ன படித்தார் என்று கேட்பது மரியாதைக் குறைவாகாது. கேளுங்கள்.

அடுத்து விருது. பெரும்பாலான விருதுகளுக்கு நாங்கள் அனுப்புவது வரைபடமும் புகைப்படமும்தான். வேலை முடிந்து, புல் பச்சையாக இருக்கும்போது, விளக்கு எரியும் அந்திப்பொழுதில், நல்ல புகைப்படக்காரரை வைத்து எடுத்த படங்கள். நடுவர்கள் நேரில் வந்து பார்ப்பது அரிது. விருது பொய் என்று நான் சொல்லவில்லை. அந்தப் படம் எடுத்த நாளுக்குத்தான் அது சான்று.

எனவே அவர்கள் ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு முடித்த ஒரு பொது இடத்தின் முகவரியை வாங்குங்கள். சொல்லிக்கொள்ளாமல் போய்ப் பாருங்கள். அங்கே கூட்டுகிறவரிடமும் தண்ணீர் விடுகிறவரிடமும் பேசுங்கள். அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

அவர்கள் புத்தகத்தில் சிங்கப்பூர்ப் படம் இருக்கிறதா? இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். பிஷான் – ஆங் மோ கியோ பூங்காதான் எல்லோருக்கும் பிடித்த படம். ஜெர்மனியைச் சேர்ந்த அட்டெலியர் டிரைசைட்டில் நிறுவனம் வடிவமைத்து 2012-இல் திறந்தது. 62 ஹெக்டேர். காலாங் ஆறு அங்கே 2.7 கிலோமீட்டர் நீளக் கான்கிரீட் சாக்கடையாக ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கான்கிரீட்டை உடைத்து, வளைந்து நெளியும் 3.2 கிலோமீட்டர் ஆறாக மாற்றினார்கள். உடைத்த கான்கிரீட்டைக் கொண்டே பூங்காவில் ஒரு குன்று எழுப்பினார்கள். நீர் ஏறினால் ஒலிக்கச் சங்கொலிக் கருவி, எச்சரிக்கை விளக்கு எல்லாம் உண்டு, ஏனென்றால் மழை பெய்தால் பூங்காவின் ஒரு பகுதி ஆற்றுக்குத்தான் சொந்தம்.

அங்கே கான்கிரீட்டை எடுத்ததற்குப் பாராட்டு கிடைத்தது. அந்தப் படத்தைக் காட்டிவிட்டு இங்கே மண் கரையில் கல் பதிக்கிறார்கள்.

கரைக்காரன்

இருக்கிறது அண்ணா. 14-ஆம் பக்கம்.

கொறங்காட்டான் (காங்கயம்)

சரிவெல்லாம் புல்தரை என்று படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் பக்கம் கொறங்காடு என்று ஒன்று இருக்கிறது, தெரிந்தவர்களுக்குத் தெரியும். கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. காட்டைப் பட்டி பட்டியாகப் பிரித்து மாற்றி மாற்றி மேய்ப்போம். மழை பொய்த்த ஆண்டில் வெள்வேலங்காய் உதிர்ந்து ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீனியாகும். காங்கயம் மாடு இந்த நிலத்தில்தான் வளர்ந்தது. இதற்கு ஒரு நாளும் குழாய்த் தண்ணீர் விட்டதில்லை, எந்த நிறுவனமும் வடிவமைக்கவில்லை, யாரும் கேடயம் கொடுக்கவில்லை.

கொழுக்கட்டைப் புல் காய்ந்தால் பழுப்பாக நிற்கும், மழை விழுந்தால் ஒரு வாரத்தில் தளிர்க்கும். கரையின் வெளிச்சரிவில் மண்ணைப் பிடித்து நிறுத்த அது போதும். கம்பிவேலிக்குப் பதில் கிளுவைப் போத்து (வெட்டிய கிளை) ஊன்றினால் வேலி தானே வளரும். ஆனால் பழுப்பு நிறம் இந்தப் புத்தகக்காரர்களுக்கு ஆகாது. அவர்களுக்கு நம் ஊர் பன்னிரண்டு மாதமும் கேரளம்போல் தெரிய வேண்டும்.

உக்கடத்து வாசகி (கோவை)

ஆண்கள் எல்லோரும் மதகு, கலங்கல், புல் என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நான் நடைபாதையைப் பற்றிப் பேசுகிறேன்.

பொலிவுறு நகரத் (ஸ்மார்ட் சிட்டி) திட்டத்தின் முதல் பட்டியலில் 2016-இல் கோவை வந்தது. அதன்பின் உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் கரைகளில் நடந்த வேலையைப் பற்றி இணையத்தில் எத்தனை திட்டு இருக்கிறதோ அத்தனையும் படித்திருக்கிறேன். கரையைக் குறுக்கிவிட்டார்கள், காங்கிரீட் போட்டுவிட்டார்கள், பறவை போய்விட்டது. இதில் நியாயம் உண்டு. ஆனால் அதற்கு முன்னால் அந்தக் கரையில் மாலை ஆறு மணிக்குமேல் ஒரு பெண் தனியாக நடக்க முடியுமா என்று யாராவது கேட்டீர்களா? இப்போது இரவு எட்டு மணிக்கு அங்கே பர்தா அணிந்த பாட்டியும், பேரனைத் தள்ளுவண்டியில் வைத்து அம்மாவும், ஓட்டப் பயிற்சி செய்யும் கல்லூரிப் பெண்ணும் ஒரே பாதையில் போகிறார்கள். வீட்டுக்குள்ளேயே கிடந்த சர்க்கரை நோயாளிகள் நடக்கத் தொடங்கியிருக்கிறார்கள். இது சமூகப் பங்களிப்பு இல்லையென்றால் வேறு எது?

கொறங்காடு அழகுதான் ஐயா. அதில் என் மாமியார் நடக்க முடியாது.

கரைக்காரன் தம்பி, உங்கள் ஊர்க் கூட்டத்துக்கு எத்தனை பெண்கள் வந்தார்கள்? அதையும் எழுதுங்கள்.

நாற்றங்கால் (கோபி)

நான் கன்று விற்பவன். லேண்ட்ஸ்கேப் ஒப்பந்தக்காரர்கள் என் வாடிக்கையாளர்கள், அதனால் பெயர் சொல்லாமல் எழுதுகிறேன்.

புல்தரைக் கணக்கு. நம் பக்கக் கோடை வெயிலில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீர் ஆவியாகப் போவது சாதாரணம். 1 சதுர மீட்டருக்கு 5 லிட்டர். ஒரு ஏக்கர் புல்தரை என்றால் நாளைக்கு 20,000 லிட்டர். பெரிய டேங்கர் லாரி இரண்டு. பவானி உபரிநீரைக் குழாய் வைத்து ஏற்றிக் கொண்டுவந்து குளத்தில் விடுவது நிலத்தடி நீருக்காக. அதைப் பம்ப் வைத்து எடுத்துப் புல்லுக்கு ஊற்றப் போகிறார்களா என்று கேளுங்கள்.

அடுத்தது பெரிய மரம். திறப்பு விழா அன்றே நிழல் வேண்டும் என்பதற்காக ஆந்திராவின் கடியம் நாற்றங்கால்களிலிருந்து ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த மரங்களை லாரியில் இறக்குவார்கள். பையில் ரொம்ப நாள் இருந்த மரத்துக்கு வேர் உள்ளேயே சுருண்டிருக்கும். பையைக் கிழித்துப் பார்த்தால் வேர் பையின் வடிவத்திலேயே வட்டம் சுற்றி, விரல் நுழைய முடியாதபடி இறுகிப் போயிருக்கும். அதை வெட்டிவிட்டு நட வேண்டும், யாரும் வெட்டுவதில்லை. இரண்டு ஆண்டு நன்றாக நிற்கும். ஒப்பந்தத்தில் பராமரிப்புக் காலம் பெரும்பாலும் ஓர் ஆண்டுதான். அப்புறம் ஆடிக் காற்றில் சாயும்போது காற்றின்மேல் பழி போடுவார்கள்.

பட்டியலில் கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு மரம் இருந்தால் உடனே அடியுங்கள். குஜராத் 2023-இல் தடை செய்தது, நம் மாநிலத்திலும் தடை வந்துவிட்டது. இன்னும் சிலர் வேறு பெயர் சொல்லி விற்கிறார்கள்.

கணக்குப் புத்தகம் (ஈரோடு)

பணம் பற்றி யாரும் பேசவில்லையே. 2013 நிறுவனங்கள் சட்டம், 135-ஆவது பிரிவு. நிகர லாபம் 5 கோடியோ அதற்கு மேலோ இருந்தால் (விற்றுமுதல் 1,000 கோடி, நிகர மதிப்பு 500 கோடி என்று வேறு இரண்டு அளவுகளும் உண்டு) முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட்டே ஆக வேண்டும். ஆகவே பனியன் நிறுவனம் தருவது கொடை அல்ல, சட்டக் கடமை. கூசிக் குறுக வேண்டியதில்லை. நிமிர்ந்து நின்று நிபந்தனை போடலாம்.

இரண்டாவது, இதைத் ‘தொடர் திட்டம்’ என்று பதிவு செய்யச் சொல்லுங்கள். தொடங்கிய நிதியாண்டைத் தவிர்த்து மூன்று ஆண்டுகள்வரை அந்தத் திட்டத்துக்குச் செலவிட விதி இடம் தருகிறது. மார்ச் மாதத்துக்குள் பணத்தை முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில்தான் கல் பதிக்கிறார்கள், ஏனென்றால் கல்லுக்கு ஒரே பில். பராமரிப்புக்கு மாதாமாதம் பில் போட யாருக்கும் பொறுமை இல்லை.

மூன்றாவது, குளம் யாருடையது? நீர்வளத் துறையா, ஊராட்சி ஒன்றியமா? உரிய அதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் ஒரு செங்கல்லும் வைக்க விடாதீர்கள். நாளைக்கு வழக்கு வந்தால் நிறுவனம் இருக்காது, ஊர்தான் இருக்கும்.

வரைபலகை

உக்கடத்து வாசகி சொன்னதை நான் முழுக்க ஏற்கிறேன். நடக்க இடம் கேட்பது ஆடம்பரம் அல்ல. ஆனால் நடைபாதையும் வேண்டும் நீரும் வேண்டும் என்றால் முடியாது என்பதுபோல் இரு தரப்பும் பேசுவதுதான் எனக்கு எரிச்சல். அதைச் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள்.

பாங்காக்கில் லேண்ட்புராசஸ் என்று ஒரு நிறுவனம். கொச்சகோர்ன் வோராக்கோம் என்ற பெண் நடத்துவது. 2017-இல் அவர்கள் முடித்த சுலாலங்கோர்ன் நூற்றாண்டுப் பூங்கா சுமார் 11 ஏக்கர். நிலம் முழுவதையும் 3 பாகை சாய்த்துவிட்டார்கள். மேட்டு முனையில் ஒரு கட்டடம், அதன் கூரையே புல்வெளி. அங்கே விழும் மழை கூரையிலிருந்து இறங்கி, இருபுறமும் உள்ள சதுப்புப் பாத்திகளில் வடிந்து, தாழ்ந்த முனையிலுள்ள குளத்தில் சேர்கிறது. பெருமழை பெய்தால் அந்தக் குளம் பக்கத்துப் புல்வெளிவரை பரவ இடம் விட்டிருக்கிறார்கள். குளத்தின் ஓரத்தில் நிலையான மிதிவண்டிகள். உடற்பயிற்சிக்கு மிதித்தால் தண்ணீர் கலங்கிக் காற்றேறும். நடைப்பயிற்சிக்கு வந்தவரையே குளத்தின் வேலைக்காரராக்கிவிட்டார்கள்!

2019-இல் தம்மசாட் பல்கலைக்கழகத்தில் 22,000 சதுர மீட்டர்க் கூரையைப் படிக்கட்டு வயலாக்கினார்கள். மழைநீர் படிப்படியாக இறங்கி நெல்லையும் காய்கறியையும் நனைத்துவிட்டுக் கீழே குளத்துக்குப் போகிறது. விளைவது வளாகத்து உணவகத்துக்கு. அவர் வெள்ளத்தால் பாதிக்கப்படும் குடியிருப்புகளோடு சேர்ந்து வேலை செய்ய போரஸ் சிட்டி நெட்வொர்க் என்று தனி அமைப்பையும் வைத்திருக்கிறார். விருது அவருக்கும் வந்தது, 2020-இல் ஐக்கிய நாடுகள் சபையின் காலநிலைச் செயல்பாட்டு விருது.

அவருடைய சமூகப் பணியையும் வடிவமைப்பையும் தனித்தனி அத்தியாயமாக எழுத முடியாது. உங்கள் கையில் உள்ள புத்தகத்தில் அவை இரண்டும் தனியாக இருக்கின்றன. மாரத்தான் சட்டை ஒரு பக்கம், கலங்கல்மேல் மண்டபம் இன்னொரு பக்கம்.

கொறங்காட்டான்

நெல் வயலுக்கு விருதா? நல்ல ஆளாகத்தான் இருக்கிறார்.

வரைபலகை

அவருக்கு முன்னாலேயே சீனாவில் செய்தார்கள் அண்ணா. கொங்ஜியன் யூ என்பவர் 1998-இல் தொடங்கிய டுரென்ஸ்கேப். ஷென்யாங்கில் ஒரு கட்டடக்கலைப் பல்கலைக்கழக வளாகத்துக்குப் பணமும் நேரமும் குறைவாக இருந்தபோது, புல்தரைக்குப் பதில் நெல் விதைத்துவிட்டார். வகுப்புக்குப் போகும் பாதை வயலுக்கு நடுவில். மாணவர்களே நட்டு அறுப்பார்கள். 2005-இல் அமெரிக்க லேண்ட்ஸ்கேப் கலைஞர்கள் சங்கத்தின் விருது கிடைத்தது. விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. நகரம் பஞ்சுபோல் மழையை உறிஞ்ச வேண்டும் என்பதை வாழ்நாள் முழுக்கச் சொன்னவர். 2025 செப்டம்பரில் பிரேசிலில் விமான விபத்தில் இறந்துவிட்டார்.

நீர்க்காகம் (திருப்பூர்)

வெளிநாடு போதும், ஊருக்கு வருவோம். கூலிபாளையம் நஞ்சராயன் குளம் நல்லாற்றில் இருக்கிறது. 2022-இல் பறவைகள் சரணாலயம், 2024-இல் ராம்சார் பட்டியல், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல். அதற்குக் காரணம் நீரூற்றும் மண்டபமும் இல்லை. சேறும் நாணலும் ஆழமில்லாத ஓரத் தண்ணீரும் விடப்பட்டதுதான், கூடவே பல ஆண்டுகள் விடியற்காலையில் போய்ப் பறவை எண்ணிப் பதிவு செய்த உள்ளூர்க்காரர்கள். கால் நீண்ட பறவைகள் நின்று இரை தேடுவது முழங்கால் ஆழ ஓரத்தில். கரையின் உட்புறத்தைச் செங்குத்தாக்கிக் கல் பதித்தால் முதலில் காணாமல் போவது அந்த ஓரம். ஆகவே பாதை வேண்டுமென்றால் கரையின் தலைமேல் போடுங்கள், உட்சரிவைத் தொடாதீர்கள்.

நம் மாநிலத்திலேயே ஒழுங்காகச் செய்த வேலை ஒன்று சொல்கிறேன். சென்னை அடையாறு தொல்காப்பியப் பூங்கா. குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டிக் கிடந்த கழிமுகம். முதற்கட்டம் 58 ஏக்கர், 2011-இல் திறந்தார்கள். வடிவமைத்தது ஆரோவில்லின் பிச்சாண்டிக்குளம் குழு. முதலில் நீர்ப்பரப்பைத் தோண்டி மீட்டு, பிறகு அந்தக் கடற்கரைக்கு உரிய செடிகளை நட்டார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கான சுற்றுச்சூழல் கல்வி தொடக்கத்திலிருந்தே திட்டத்தின் ஒரு பகுதி.

ஆனால் அந்தச் செடிப் பட்டியலை இங்கே நகலெடுக்கக் கூடாது. நமது நிலம் முட்புதர்க் காடு. கொறங்காட்டான் சொன்ன வெள்வேலமும் கிளுவையும்தான் நம் பட்டியல்.

சீமைக்கருவேலத்தைப் பற்றி ஒன்று. ஜோத்பூர் ராவ் ஜோதா பாறைப் பூங்காவில் பிரதீப் கிருஷணும் அவருடைய குழுவும் 2006-இல் வேலை தொடங்கியபோது, 70 ஹெக்டேர் எரிமலைப் பாறையில் இதே மரம்தான். வெட்டினால் துளிர்த்தது. கடைசியில் பாறை வெட்டும் உள்ளூர்த் தொழிலாளர்களை அழைத்து, உளியால் பாறையைத் தட்டி, அடிவேரோடு எடுத்தார்கள். பாறையை அறிந்தவர்களுக்கு வேர் எங்கே போகும் என்று தெரிந்திருந்தது. அதேபோல் உங்கள் குளத்தில் வாரி (வழிந்தோடி வரும் மழைநீர்) எங்கிருந்து வருகிறது, எந்தப் பக்கம் கரை கசியும் என்பது அறிந்தவர் ஊரில் ஒருவராவது இருப்பார். வரைபடம் போடுவதற்கு முன் அவரிடம் பேசினார்களா?

தேங்காய்க்களம் (பொள்ளாச்சி)

குளத்தில் நீரூற்று எதற்கு? கோவை செம்மொழிப் பூங்காவிலேயே வேண்டிய மட்டும் பார்த்துக்கொள்ளலாமே. 2010 செம்மொழி மாநாட்டின்போது அறிவித்து, 2023 டிசம்பரில் அடிக்கல் நாட்டி, 2025 நவம்பரில் திறந்தார்கள். 45 ஏக்கர். பூங்கா பூங்காவாக இருக்கட்டும், குளம் குளமாக இருக்கட்டும்.

கரைக்காரன்

எல்லோருக்கும் நன்றி. கூட்டம் முடிந்துவிட்டது. நடந்ததை எழுதுகிறேன்.

உக்கடத்து வாசகி அக்கா கேட்டதால் இந்த முறை மகளிர் குழுக்களை அழைத்தோம். அவர்கள் கேட்டது நடைபாதை, கழிப்பறை, விளக்கு. நீரூற்றை ஒருவரும் கேட்கவில்லை. மண்டபத்தையும் கேட்கவில்லை, உட்காரத் திண்ணை போதும் என்றார்கள்.

மதகு திறந்து மூடிய பெரியவர் ஒருவரை வற்புறுத்தி அழைத்து வந்தோம். அவர் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்து, பிறகு திருப்பி, வடகிழக்கு மூலையில் விரலை வைத்து, “இங்கே பள்ளம் வருகிறது, இதை ஏன் காணோம்?” என்றார். வாரி வந்து சேரும் இடத்தில் வாகன நிறுத்தம் போட்டிருந்தார்கள். நிறுவனத்தின் சார்பில் வந்திருந்த இளம் பெண் ஒரு வார்த்தையும் மறுக்கவில்லை. பென்சிலை எடுத்து அவரிடமே கொடுத்து வரையச் சொன்னார். பெரியவர் வரைந்தார். விருதுப் பக்கங்களைவிட எனக்கு அந்தப் பெண்மேல் நம்பிக்கை வந்தது என்று ஒளிக்காமல் சொல்கிறேன்.

பழைய வேலையின் முகவரி கேட்டோம், இரண்டு தந்திருக்கிறார்கள். ஒன்றைப் பார்த்துவிட்டோம். புல்தரை போய்விட்டது, சொட்டுநீர்க் குழாயைக் காணோம், ஆனால் புங்கமும் மருதமும் உயிரோடு நன்றாக இருக்கின்றன. கூட்டுகிற அம்மா, “அவர்கள் நட்டது நான்கு மரம், நான் நட்டது மீதி” என்றார்.

மூன்றாண்டுப் பராமரிப்பை ஒப்பந்தத்தில் சேர்க்கப் பனியன் நிறுவனம் யோசித்துச் சொல்வதாகச் சொன்னது. மண்டபத்தைக் கலங்கலிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஒன்றிய அலுவலகத்தில் அனுமதிக்கு மனு கொடுத்தாயிற்று.

முடியாமல் நிற்பது விளக்கு.

நீர்க்காகம்

விளக்கு வேண்டவே வேண்டாம். இரவில் அடையும் பறவைகள் இடம் மாறிவிடும்.

உக்கடத்து வாசகி

விளக்கு இல்லாத பாதையைப் பெண்களுக்கு என்று சொல்லாதீர்கள், ஆண்களுக்கு என்று எழுதிப் பலகை வையுங்கள்.

வரைபலகை

இடுப்பு உயரத்துக்கு மேல் போகாத விளக்கு, ஒளி பாதையில் மட்டும் விழுமாறு மூடி வைத்தது, மஞ்சள் ஒளி. ஊர்ப்பக்கக் கரையில் மட்டும். எதிர்க்கரை இருட்டாகவே இருக்கட்டும். ஒன்பது மணிக்கு அணைந்துவிடும்படி நேரக்கருவி. இந்த வரைபடத்தை நான் போட்டுத் தருகிறேன், கட்டணம் வேண்டாம்.

நீர்க்காகம்

எட்டரை.

உக்கடத்து வாசகி

வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸில் பெண்கள் இறங்குவதே எட்டரைக்கு. ஒன்பதரை.

கரைக்காரன்

அண்ணா, வரைபடத்தில் நேரத்தைக் காலியாக விட்டு அனுப்புங்கள். அடுத்த கூட்டத்தில் மகளிர் குழுவும் நீர்க்காகம் ஐயாவும் நேருக்கு நேர் உட்கார்ந்து நிரப்பட்டும். கொறங்காட்டான் அண்ணா, கிளுவைப் போத்து எத்தனை கிடைக்கும், எப்போது வெட்டுவீர்கள் என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள். மழைக்கு முன்னால் ஊன்ற வேண்டும், வண்டி நான் அனுப்புகிறேன்.